மண்ணுக்குத்தானே

ஒரெஸ்ட் வளர்த்த பட்ஜி கிளிக்குப் பிரோகி என்று பெயர்,
அவர்கள் ஊர்க் கொழுக்கட்டையின் பெயர்.
ஜனவரி ஏழில் செத்துப்போனது.
ரெஜைனாவில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
மண்வெட்டி பட்டால் தரை ணங்கென்றது.
மே வரைக்கும் குழி தோண்ட முடியாது,
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு
ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன் என்றார்,
பட்டாணிப் பைக்குப் பக்கத்தில்.

நான் ஒரு பெட்டி செய்து தருகிறேன்
என்று ஏன் சொன்னேன்?
லிஃப்டில் மூன்று மாடி தூரம்
சும்மா நிற்கத் தெரியாததால்.

என்னிடம் இருந்தது
இழுத்து அறுக்கும் ரம்பம் ஒன்று,
பெயிண்ட் டப்பா திறந்து மூக்குடைந்த
அரை அங்குல உளி,
பழைய சாமான் கடையில்
நாலு டாலருக்கு வாங்கிய மூலைமட்டம்.
மரம், குப்பைத்தொட்டியருகே யாரோ
சாய்த்துவிட்டுப் போன புத்தகத் தட்டு.
இஸ்திரி மேசை ஆடியது.
குளியல் தொட்டி விளிம்பில் பலகையைக் கிடத்தி
முழங்காலால் அழுத்தி அறுத்தேன்.
தூள் தொட்டிக்குள்ளேயே விழும், வசதி.
ஒருநாள் மறந்து அதிலேயே குளித்து
பைன் வாசனையோடு மருந்துக்கடை வேலைக்குப் போனேன்.

முதல் பலகை ஒரு நூல் கூட.
அதற்கு ஈடாக அறுத்த இரண்டாவது
ஒரு நூல் குறைச்சல்.
நாலாவது வருவதற்குள்
பெட்டி சிறுத்துக்கொண்டே வந்தது.
கிளியை அளந்து சொல்லுங்கள் என்றேன்.
வாலோடு ஏழு அங்குலம் என்றார்,
குரல் இறங்கி.
இன்னும் ஓர் அங்குலம் கையிருப்பு.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
பிப்ரவரி பாதிவரை
என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.
பிறகொரு ராத்திரி
மூலைமட்டத்தைப் புரட்டிப் போட்டு
அதே புள்ளியில் இன்னொரு கோடு கிழித்தேன்.
இரண்டும் சேரவில்லை.
கூடம் நிஜமாகவே கோணல்!
சொல்ல ஆளில்லை,
கெட்டிலிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு
அச்சுத் தாளின் மூலையை நம்பினேன்.

பால்கனியில் காயவைத்த பசை
வெள்ளை மாவாகிக் கையோடு உதிர்ந்தது.
சுரண்டி மறுபடி தடவி,
கவ்விகள் இல்லாததால்
சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கி,
மேலே பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றி
ஹீட்டரருகே விட்டேன்.
அன்றிரவு சோறு இல்லை, ரொட்டி.

அப்படியும் ஒரு மூலை வாய் பிளந்தது.
மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
மூடி ஒரு பக்கம் தூக்கியது.
பக்கவாட்டில் புத்தகத் தட்டின் ஆணி ஓட்டை.
உளி வழுக்கியதில் கீறல்
விரலுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று.
விடு, என்றேன், மண்ணுக்குத்தானே.
அந்த ஒரு சொல்
ஒவ்வொரு மாலையும் என்னைச்
சீக்கிரம் எழுந்துபோக விட்டது.

மே பத்து.
கட்டடத்துக்குப் பின்னால், லைலாக் புதரடியில்
முழங்கை ஆழக் குழி.
பெட்டியை வாங்கித்
திறந்தார், மூடினார், திறந்தார்.
இதையா மண்ணில் போடுவது, என்றார்.
பிரோகி ஐஸ்கிரீம் டப்பாவோடு போனது.
வனிலா என்று எழுதியிருந்தது.

பெட்டி இப்போது அவர் சாப்பாட்டு மேசையில்.
உள்ளே ஒரு சின்ன மணி, ஓர் ஊஞ்சல் கம்பி.
விளக்கு நேர் மேலே.
தேநீருக்குப் போகும்போதெல்லாம்
ஆணி ஓட்டை என்னைப் பார்க்கிறது,
பிளந்த மூலை பார்க்கிறது.
நான் நாற்காலியைச் சற்றுத் திருப்பி உட்காருகிறேன்.
அவரோ, பெட்டியை நகர்த்தி வைக்கிறார்,
எனக்கு நன்றாகத் தெரியும்படி.